பதினெட்டுக்குப் பதினேழு வாங்கிய மதினி

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் மதினி எங்கள் வீட்டில் ஒரு கோப்பை டீ குடித்தார். கோப்பை உடையவில்லை. குடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, "என்ன வசந்தி, எளச்சிப் போயிட்ட" என்றார்.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். புதிதாக வந்த கேஸ் சிலிண்டரைக் குளியலறைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தவள் நான். ஒரு டொக்டர் எழுதிய மருந்தை இன்னொரு டொக்டரிடம் காட்டிவிட்டு, அவர் சொன்னது சரிதானா என்று மருந்துக்கடையில் விசாரிப்பவள். இருபத்தேழு வருடம் டீச்சராக இருந்து பரீட்சை மண்டபங்களில் காவல் நின்றால் யாருக்கும் இந்தக் குணம் வந்துவிடும்.

சரி, ஒரு மனுஷி ஒழுங்காக டீ குடித்ததில் என்ன சந்தேகம் என்றுதானே கேட்கிறீர்கள்? அதைச் சொல்ல ஒன்றரை வருடம் பின்னால் போக வேண்டும்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. பெயர் லெட்சுமி. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அண்ணனுக்கு அதே தோட்டத்து ஃபெக்டரியில் வேலை. நானும் அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், பிறந்து வளர்ந்தவள்தான். டீச்சர் வேலை கிடைத்ததும் ஹட்டன் டவுனுக்கு வந்துவிட்டேன்.

மதினி கல்யாணமாகி வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. லீவு நாட்களில் அவர் கொழுந்து எடுப்பதை வேடிக்கை பார்க்கவென்றே மலைக்குப் போவேன். ஊர்க்கதை பேசிக்கொண்டே எடுப்பார். கண் எங்கேயோ இருக்கும். விரல்கள் தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். கொழுந்தைப் பார்க்காமல் கொழுந்து எடுக்கும் ஆளை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அந்த மதினிதான் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து என் கோப்பைகளை உடைத்தார். ஒன்றல்ல, மூன்று. பூப்போட்ட செட். ஆறு கோப்பை, ஆறு தட்டு. இப்போது மூன்று கோப்பை, ஆறு தட்டு.

உடைத்ததுகூடப் பரவாயில்லை. அன்று முழுக்க என் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. நான் என்ன கேட்டாலும் கோப்பையைப் பார்த்துத்தான் பதில். நான் இந்தப் பக்கம் பேச, அவர் அந்தக் கோப்பையோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு தடவை அண்ணன் கூப்பிட்டாரென்று தலையைத் திருப்பினார். அவ்வளவுதான், மூன்றாவது கோப்பையும் கீழே.

என் மேல் ஏதோ கோபம், அதைக் கோப்பை மேல் காட்டுகிறார் என்று முடிவு செய்தேன். நாத்தனார் சந்தேகப்படாவிட்டால் வேறு யார் சந்தேகப்படுவது?

அப்புறம் அண்ணன் போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். மதினிக்குக் கை மரத்துப்போகிறதாம். தீக்குச்சி உரச வரவில்லையாம். காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியவில்லையாம். போனை மதினியிடம் கொடுக்கச் சொன்னால், "ஒன்னுமில்ல வசந்தி, ஒங்கண்ணனுக்கு வேற வேல இல்ல" என்று சிரிப்பார்.

யார் சொல்வதை நம்புவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் போனேன். மதினி வேலை செய்யும் கேங்கின் கங்காணி வழியில் நின்றிருந்தார். மெதுவாக விசாரித்தேன்.

"டீச்சரம்மா, நான் சொல்றேன்னு தப்பா நெனக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "வெயில் நாள்ல ஒங்க மதினி கூடையில கொழுந்து அவ்வளவு சுத்தமா இருக்கும். பனி மூட்டம் எறங்கிட்டா மட்டும் முத்தலும் குச்சியுமா வருது. கேட்டா கை மரத்துப்போச்சுங்குறாங்க."

"குளிருக்கு அப்படி இருக்குமோ?"

"குளிரு எல்லாருக்கும் தானங்க. காத்தடிக்கிற நாள்ல இதவிடக் குளிரு. அன்னைக்கு ஒழுங்கா எடுக்குறாங்க. மூட்டம் போட்டு ஆள் மொகம் தெரியாத நாள்ல மட்டும் கை மரக்குமாங்க? யாரும் பாக்க முடியாதுன்னு கண்டதையும் பறிச்சுப் போட்டுட்டு, அப்பறம் வியாதிங்குறாங்க."

நல்ல கேள்விதான். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. காய்ச்சல் தெரியும், மூட்டுவலி தெரியும். பனி மூட்டம் பார்த்து வரும் வியாதி எந்த ஊரில் இருக்கிறது? மதினி நடிக்கிறார்... என் மனதில் அன்றே தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அதன் பிறகு மதினி பீலியில் விழுந்தார். லயத்துப் பக்கத்தில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் இடம் அது. முகத்துக்குச் சோப்புப் போடும்போது அப்படியே சாய்ந்துவிட்டாராம். "சோப்பு வழுக்கிருச்சு" என்றார். இரண்டு வாரத்தில் இரண்டாவது தடவை. அதற்கும் சோப்புதான் காரணமாம். அண்ணன் பயந்துபோய் அவரைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போக, அங்கிருந்து டவுன் ஆஸ்பத்திரி, அங்கிருந்து மலைக்குக் கீழே ஒரு பெரியாஸ்பத்திரி, அங்கே கழுத்தில் ஒரு ஸ்கேன். ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஒரு நாள் குறித்துக் கொடுத்து வரச் சொன்னார்கள்.

அன்றைக்குத் துணைக்குப் போனவள் நான். கடை கண்ணியில் பேசும் சிங்களம் மதினிக்கு வரும். டொக்டரிடம் பேசும் சிங்களம் வராது. நான் மொழிபெயர்க்க வேண்டும். அண்ணனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை.

உள்ளே ஓர் இளம் பெண் டொக்டர். பொறுமையாக விளக்கினார். மதினியின் கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வழி ஒடுங்கி, உள்ளே போகும் நரம்புத் தண்டை அமுக்குகிறது. கைக்கும் காலுக்கும் போகும் எல்லாச் செய்தியும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அமுக்கம் நீண்டுகொண்டே போனால் கையும் காலும் விழுந்துவிடலாம். அப்படிப் போனது ஒப்பரேஷனுக்குப் பிறகும் திரும்பி வராமல் போகலாம்.

"அப்படியானால் உடனே செய்ய வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வயது போனால் எத்தனையோ பேருடைய கழுத்தில் இப்படி ஏதாவது இருக்கும். அன்றாட வாழ்க்கை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளந்து பார்த்துத்தான் யாருக்கு முதலில் என்று தீர்மானிப்போம்" என்றார். ஒரு பேப்பரை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

அளப்பது என்றால் நாடாவோ மெஷினோ இல்லை. கேள்விகள்தான். கைக்கு இத்தனை மார்க், காலுக்கு இத்தனை, உணர்ச்சிக்கு இத்தனை, சிறுநீருக்கு இத்தனை. முழு மார்க் பதினெட்டு.

"சட்டைப் பட்டன் போட முடிகிறதா?"

"முடியுது மிஸ்."

"ஸ்பூனால் சாப்பிட முடிகிறதா?"

"முடியுது மிஸ்."

"கைப்பிடியைப் பிடிக்காமல் படி ஏறி இறங்க முடிகிறதா?"

"நல்லா முடியுது மிஸ்."

கேட்க வேண்டும் நீங்கள் அந்தக் குரலை. முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது பதில் சொல்வது மாதிரி. மரத்துப்போவது பற்றிக் கேட்டபோது மட்டும், "லேசா... எப்பவாச்சும்" என்றார். அதற்கு ஒரு மார்க் குறைந்தது. நான் ஒவ்வொன்றையும் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"பதினேழு" என்றார் டொக்டர். "லேசானதுதான். ஆறு மாதம் கழித்து வாருங்கள், திரும்பவும் அளந்து பார்ப்போம்."

மறைக்காமல் சொல்கிறேன். எனக்குள் ஒரு சந்தோஷம். பார்த்தாயா, நான் சொன்னது சரியாகிவிட்டது என்று. பதினெட்டுக்குப் பதினேழு வாங்குகிற நோயாளி! என் வகுப்பில் முதல் பிள்ளைகூட அப்படி வாங்கியதில்லை.

கீழ் ஊர் வெக்கை தாங்கவில்லை, முகம் கழுவ வேண்டும் என்றார் மதினி. நடைக் கோடியில் இருந்த கழுவும் தொட்டிக்குப் போனோம். சோப்பைக் குழைத்து முகத்தில் பூசினார். கண்ணை மூடினார்.

அப்படியே பின்னால் சாய்ந்தார்.

தற்செயலாக நான் பின்னால் நின்றேன். முழுப் பாரமும் என் மேல். தரை காய்ந்து கிடந்தது, சோப்புத் துளிகூடக் கீழே விழவில்லை. அந்த நேரத்திலும் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? ஆரம்பித்துவிட்டார் என்று.

பெஞ்சில் உட்காரவைத்து, "மதினி, கண்ண மூடுங்க" என்றேன். கைப்பையிலிருந்து ஒரு சேலைப் பின்னை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது என்ன?"

"பின்னு" என்றார், உடனே.

ஒரு டொபியை வைத்தேன். "டொபி" என்றார். இரண்டுக்கு இரண்டு. நல்ல கை. நடிப்பைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தபோது, அவர் இமையைப் பார்த்தேன். கீழே ஒரு கோடு திறந்திருந்தது.

மதினி கொப்பி அடிக்கிறார்.

இருபத்தேழு வருடத்தில் நான் பிடித்த கொப்பிகளுக்குக் கணக்கில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே ஏதோ உதைத்தது. வியாதி இருப்பதாக நடிக்கும் ஆள் என்ன செய்ய வேண்டும்? தெரியவில்லை, புரியவில்லை, பின்னா டொபியா என்று சொல்ல முடியவில்லை என்று அழ வேண்டும். பெயிலாக வேண்டிய ஆள் எதற்குக் கொப்பி அடித்து பாஸாகப் பார்க்கிறார்?

என் சேலைத் தலைப்பை எடுத்து அவர் கண்ணை இறுக்கி மூடினேன். கையில் எதையும் வைக்கவில்லை. சும்மா அவர் விரல்களை மடக்கிவிட்டேன்.

"இப்ப சொல்லுங்க. என்ன இருக்கு?"

அவர் விரல்கள் மெல்ல அசைந்தன. வெறும் கையைத் தடவித் தடவிப் பார்த்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"பின்னு தானே வசந்தி?" என்றார்.

சேலைத் தலைப்பை எடுத்தேன். மதினி தன் வெறும் கையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். 

எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. கையில் உணர்ச்சி போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் கையை ஓட்டுகிறார். கோப்பையைப் பார்த்தால் கோப்பை கையில் நிற்கும். என் முகத்தைப் பார்த்தால் விழும். வெயிலில் கொழுந்து தெரிகிறது, பறிக்கிறார். மூட்டத்தில் தெரியவில்லை, கைக்கு வந்ததைப் பறிக்கிறார். காலும் அப்படியே. கண்ணை மூடினால் நிற்கிறோமா சாய்கிறோமா என்று அவருக்கே தெரியாது. கங்காணியும் நானும் எதை வைத்து வியாதி இல்லை என்று முடிவு கட்டினோமோ, அதுதான் வியாதி.

நடிக்கிறார் என்று நான் சந்தேகப்பட்டது சரி. ஆனால் நன்றாக இருப்பதாக அல்லவா நடித்திருக்கிறார்? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைக் கோபமாக மாற்றி அவர் மேலேயே காட்டினேன்.

"உள்ள ஏன் மதினி எல்லாத்துக்கும் முடியும் முடியும்னீங்க?"

"பேனாவத் தொறந்து வச்சிக்கிட்டுக் கேட்டா வேற என்னத்தச் சொல்லச் சொல்ற?" என்றார் மதினி. "லயத்துல அடுத்த காம்பராவுல இருந்த ராக்கு என்ன ஆனான்னு தெரியுமில்ல? டிஸ்பென்சரியில ஒரே ஒரு தடவ முடியலன்னு சொன்னா. எழுதிக்கிட்டாங்க. கொழுந்துலருந்து எடுத்துப் புல்லு வெட்ட அனுப்புனாங்க. அப்பறம் பெரட்டுல பேரே கூப்புடல."

எனக்குத் தெரியாதா இது? நானும் அந்த லயத்துப் பிள்ளைதானே? எழுதுகிற ஆள் கேட்டால் முடியும் என்று சொல்ல வேண்டும். பேச்சு வரும் முன்னே எங்களுக்கு இது வந்துவிடும். காய்ச்சலோடு வகுப்பெடுத்த நாளில் அதிபர், "டீச்சர், இன்னொரு பாடவேளையும் எடுக்க முடியுமா?" என்று கேட்டபோது, "முடியும் சேர்" என்று நானே எழுந்து நின்றவள். அது தெரிந்தும், மதினி ஒவ்வொரு தடவை முடியும் என்று சொன்னபோதும் அதைச் சிங்களத்தில் சுத்தமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"எந்திரிங்க, உள்ள போவோம்."

"வேணாம் வசந்தி. கழுத்துல கத்தி வச்சா அப்படியே படுத்துருவேன்னு சொல்றாங்க."

"வைக்காட்டியும் படுத்துருவீங்க."

கடுமையாகச் சொல்லிவிட்டேன். எழுந்தார்.

டொக்டர் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான்.

"அக்கா, அரை மணித்தியாலத்துக்கு முன்னால் எல்லாம் முடியும் என்றார்கள். ஆறு மாதம் என்று சொன்னதும் ஒன்றும் முடியாதா? வரிசையில் முந்துவதற்காக வெளியில் வைத்துச் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்."

ஐயோ. சந்தேகப்படுவது சுலபம். சந்தேகப்படும் இடத்தில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. மதினி வேறு பக்கத்தில் நின்று, "நல்லாத்தான் இருக்கேன் மிஸ்" என்கிறார்!

"மிஸ், ஒரே ஒரு உதவி" என்றேன். "பேனாவையும் பேப்பரையும் உள்ளே வைத்துவிடுங்கள். முடியுமா என்று கேட்காதீர்கள். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள்."

 டொக்டர் மேசை லாச்சியை இழுத்துப் பேனாவையும் பேப்பரையும் உள்ளே போட்டு மூடினார். அந்தப் பெண்ணுக்கு ஆயுசு நூறு.

"காலையில் எழும்பியதும் ரவிக்கைக் கொக்கியை எப்படிப் போடுவீர்கள்?"

மதினி மூடிய லாச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"வீட்டுக்காரருதான் போட்டு விடுறாரு மிஸ். ஒரு வருஷமா."

எனக்கே தெரியாது. என் அண்ணனா? சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர்.

"பட்டன்?"

"எங்கிட்ட பட்டன் வச்ச சட்ட ஏது மிஸ்?"

"ஸ்பூன்?"

"சீனி டின்னுக்குள்ள ஒன்னு கெடக்கு. அதால நான் சாப்புட்டதே இல்ல. சோத்தப் பெசையத் தெரியல, அதான் இப்ப கஞ்சியா வச்சுக் குடிச்சுக்கிறேன்."

"மலையில் எப்படி இறங்குகிறீர்கள்?"

"மட்டக்கம்பு இருக்குல்ல மிஸ், அத ஊனிக்கிட்டு. இன்னொரு கையால தேயிலச் செடியப் புடிச்சுக்குவேன். ஒரு செடிய விட்டா அடுத்த செடி."

மட்டக்கம்பு, கொழுந்து எடுத்த பிறகு செடியின் மேல்மட்டம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் நீளக் கம்பு. மதினிக்கு அது மூன்றாவது காலாக ஆகிப் பல மாதமாகியிருக்கிறது. கைப்பிடி பிடிக்காமல் படி இறங்க முடியுமா என்று கேட்டார்கள். மலை முழுக்கக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு இறங்கிய மனுஷி, முடியும் என்று சொன்னார். அவர் ஏறி இறங்கும் இடத்தில் படியே இல்லையே?

பிறகு நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார் டொக்டர். மதினி சாய, இந்தத் தடவை டொக்டரே தாங்கிப் பிடித்தார். அவர் முகம் மாறியது.

கடைசியாக ஒன்று. பத்து செகண்டுக்குள் கையை எத்தனை தடவை மூடி மூடித் திறக்க முடியும் என்று பார்த்தார். நன்றாக இருக்கும் கை இருபதைத் தாண்டுமாம். இதில் பொய் சொல்லவும் முடியாது, தைரியம் காட்டவும் முடியாது. மதினி பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். விரல்கள் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றன.

பதினொன்று.

பார்க்காமலே கொழுந்து எடுத்த விரல்கள் அவை. எட்டாம் வகுப்புப் பிள்ளையாக நான் வாய் பார்த்துக்கொண்டு நின்ற விரல்கள். சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

டொக்டர் லாச்சியைத் திறந்து, பழைய பேப்பரைக் கிழித்துவிட்டு, புதுப் பேப்பரில் எழுதினார். பதினெட்டுக்குப் பத்து. "இது லேசானது இல்லை. பெரிய டொக்டரிடம் இன்றைக்கே பேசுகிறேன்" என்றார்.

"பத்தா?" என்றார் மதினி என்னிடம், வெளியே வந்ததும். "நீ வந்ததுக்கு என்னைய பெயிலாக்கிட்டியே வசந்தி."

அடுத்த மாதமே நாள் கிடைத்தது. ஒப்பரேஷனுக்கு முன்னால் அந்த டொக்டர் ஒன்று சொன்னார்: மேலும் மோசமாகாமல் நிறுத்துவதுதான் முதல் நோக்கம், போனதில் எவ்வளவு திரும்பி வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அப்போதுதான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் நாலாவது டொக்டரைத் தேடிப் போயிருப்பேன்.

எனக்கு அந்தப் பேப்பர் மேல் கோபம் இல்லை. அளக்காமல் எப்படி வரிசை போடுவது? ஆனால் யாரோ ஒருவருடைய காலைப் பொழுதை வைத்துச் செய்த அளவு அது. சட்டை போட்டு, ஸ்பூனால் சாப்பிட்டு, படியிறங்கி வேலைக்குப் போகும் ஒருவர். அவர் அக்கரப்பத்தனையில் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், கேட்கிறவர் உண்மையைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறார், பதில் சொல்கிறவர் பேரை வெட்டிவிடுவார்கள் என்று நினைக்கிறார். நடுவில் என்னை மாதிரி ஒருத்தி, இரண்டு பேரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு.

சரி, போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஒப்பரேஷன் முடிந்து ஐந்து மாதம். திரும்ப அளக்கும் நாள். அண்ணனும் மதினியும் முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். காலையில்தான் அந்த டீ. மிச்சமிருந்த மூன்று கோப்பையில் ஒன்றைத்தான் கொடுத்தேன், வேண்டுமென்றே. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்று சொன்னார். நான் இளைக்கவில்லை. அது வேறு விஷயம்.

கிளம்பும்போது என் சேலைத் தோளில் பின் சரியாக நிற்கவில்லை. "இரு, நான் குத்தி விடுறேன்" என்று மதினி வந்தார். கொஞ்சம் நேரம் எடுத்தது. ஆனால் குத்திவிட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், குத்திவிடுவார் என்ற பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி.

கிளினிக்கில் அதே டொக்டர். எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே பேனாவை லாச்சிக்குள் போட்டார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார்; மதினி லேசாக ஆடினார், விழவில்லை. கையை மூடித் திறக்கச் சொன்னார். பத்து செகண்டில் பதினெட்டு. காலில் இன்னும் பஞ்சு மாதிரி இருக்கிறதாம், அது போகாமலும் இருக்கலாம் என்றார் டொக்டர். மலைக்கு இனிமேல் அனுப்பக் கூடாது என்றும் கடிதம் எழுதிக் கொடுத்தார். மதினி அந்தக் கடிதத்தை வாங்கி மடித்து அண்ணனிடம் கொடுத்தார். அது வலித்திருக்கும். எனக்கும் வலித்தது.

கடைசிக் கேள்வி. "ரவிக்கைக் கொக்கி?"

"முடியல மிஸ்" என்றார் மதினி, கொஞ்சமும் தயங்காமல். "இன்னும் வீட்டுக்காரருதான் போட்டு விடுறாரு."

டொக்டர் ஒரு மார்க்கைக் குறைத்துக்கொண்டார். எழுதுகிற ஆளிடம் மதினி முடியவில்லை என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து அண்ணனைப் பார்த்தேன். அவர் அவசரமாகச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது இரண்டும் சிவந்திருந்தது. மதினி சேலையைச் சரி செய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் சிரித்தார்.

என் தோளில் பின் இன்னும் அசையாமல் இருந்தது. பின் குத்தத் தெரிந்த கைக்கு ஒரு கொக்கி போட வராதா? எனக்கு இவர்கள் இரண்டு பேர் மேலும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. முதல் தடவையாக, அதை விசாரிக்கப் போவதில்லை.